வில்லங்கம்

இங்கிலாந்தில் கிராமப்புறத்துப் பழைய மாளிகை ஒன்று விலைக்கு வரும்போது தரகர்கள் அச்சிடும் பிரசுரத்தை நம்மில் பார்த்தவர்கள் அதிகம் இருக்க முடியாது. எனக்கு ஒன்று கிடைத்தது. பாங்க்கில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேடிக்கையாக இருக்கும் என்று லண்டனிலிருந்து நண்பர் ஒருவர் கொடுத்தனுப்பியிருந்தார். வழவழப்பான தாள். புல்வெளியும் ஏரியும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படம். அறைகளின் நீள அகலம், குதிரை லாயங்கள், தோட்டக்காரன் வீடு, மொத்தம் எத்தனை ஏக்கர், அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் எந்தத் தரம் என்பதெல்லாம் வரிசையாக. கடைசியில் ஒரு பத்தி சரித்திரம்: யார் கட்டியது, எந்தப் பிரபு எந்த வருஷத்தில் கிழக்குக் கட்டைச் சேர்த்தார், யார் யார் விருந்துக்கு வந்து தங்கினார்கள். வீட்டின் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்தப் பிரசுரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.

வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் நண்பர் நினைத்த காரணத்துக்காக இல்லை. என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் சரித்திரம் உண்டு. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வில்லங்கம். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, வாரிசுச் சான்று, இவை எல்லாவற்றின் மேலும் வக்கீலின் அபிப்பிராயம். சரித்திரம் நீள நீள வக்கீலின் முகம் சுருங்கும். பாகத்தில் கையெழுத்துப் போடாத ஒரு அத்தை, அப்போது மைனராக இருந்து இப்போது மேஜராகிவிட்ட ஒரு பையன், ரத்து செய்யப்படாமல் கிடக்கும் ஒரு பழைய அடமானம். இப்படி எதுவும் இல்லாத, நேற்று மனை போட்டு இன்று கட்டின வீடுதான் எங்களுக்குச் சிறந்த ஈடு. கடந்தகாலம் இல்லாத சொத்துக்குக் கேட்ட கடன் கிடைக்கும்.

அங்கே சரித்திரம் விலையை ஏற்றுகிறது, இங்கே இறக்குகிறது. இது ஏன் என்பதுதான் என் கேள்வி. அவர்களுக்குச் சரித்திரப் பிரக்ஞை உண்டு, நமக்கு இல்லை என்ற பதில் தயாராக இருக்கிறது. சிறுபத்திரிகைகளில் ஐம்பது வருஷமாக யாராவது ஒருவர் இதை எழுதிக்கொண்டிருக்கிறார். நானும் ஒருதரம் எழுதியிருக்கிறேன். இப்போது அது பொய் என்று தோன்றுகிறது. பொய் என்பதைக் காட்ட நமக்கும் கொஞ்சம் சம்பந்தமுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன்.

*

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், வாட்டன் அட் ஸ்டோன் என்ற ஊருக்கு அருகில் உட்ஹால் பார்க். 1777ல் தொடங்கி தாமஸ் லெவர்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. கட்டச் சொன்னவர் சர் தாமஸ் ரம்போல்ட். கம்பெனி உத்தியோகஸ்தராக வங்காளத்திலும் பாட்னாவிலும் இருந்து பணத்தோடு ஊர் திரும்பியவர். வீடு எழும்பிக்கொண்டிருக்கும்போதே 1778ல் சென்னைக்குக் கவர்னராக வந்து சேர்ந்தார். 1780ல் திரும்பிப் போனார். அஸ்திவாரம் பாட்னாப் பணம், மேல்தளமும் அலங்காரமும் சென்னைப் பணம் என்று பிரித்துச் சொல்வதற்கு என்னிடம் பேரேடு இல்லை. திரும்பியதும் கம்பெனி டைரக்டர்கள் அவரை நீக்கினார்கள். சம்பளத்துக்குப் பொருந்தாத தொகைகளை ஊருக்கு அனுப்பினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளோடு 1782ல் பார்லிமெண்டில் அவரைத் தண்டிக்க ஒரு மசோதா வந்தது. மறுவருஷம் அது கேட்பாரற்றுப் போயிற்று. ரம்போல்ட் தன் வீட்டில் நிம்மதியாக இருந்து 1791ல் இறந்தார்.

அடுத்து அந்த வீட்டை வாங்கினவர் பால் பென்ஃபீல்ட்.

இந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறவர் இவர்தான். கம்பெனியில் சிறிய உத்தியோகம், வருஷத்துக்குச் சில நூறு பவுண்டுதான் சம்பளம். கோட்டைச் சுவர் கட்டும் காண்ட்ராக்ட் எடுத்தார். அதோடு, ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்கு வட்டிக்குக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர் இவர் ஒருவர் இல்லை. கோட்டையில் கொஞ்சம் கையிருப்பு உள்ள வெள்ளைக்காரர் எல்லோரும் கொடுத்தார்கள். ஆனால் இந்தத் தொழிலை ஒரு கலையாகச் செய்தவர் இவர்.

கடன் பிரிவு குமாஸ்தா என்ற முறையில் இந்தக் கடனின் அமைப்பைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோக்யதை உண்டு. கம்பெனி தன் படையை வைத்து நவாபைப் 'பாதுகாக்கிறது'. அதற்குச் செலவுக் கணக்கு அனுப்புகிறது. நவாபிடம் ரொக்கம் இல்லை. அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் தங்கள் சொந்தப் பணத்தை அவருக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டு அவர் கம்பெனிக்குக் கட்டுகிறார். ஈடு என்ன? அரண்மனை இல்லை, நகை இல்லை. இன்ன தாலுகாவின் இந்த வருஷத்து வரி வசூல். ஆரம்பத்தில் வட்டி நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து, அதற்கு மேலும். பிறகு கம்பெனி தலையிட்டுப் பத்தாகக் குறைத்தது. குறைத்ததால் கடன் மரியாதைக்குரியதாக ஆகிவிட்டது. கடன்காரன் கடனை அடைத்துவிடக் கூடாது என்பதில்தான் இப்படிப்பட்ட கடனின் ஜீவன் இருக்கிறது. அசல் அப்படியே நிற்க வேண்டும், வட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்கும் எங்கள் மேலதிகாரிகள் சில கடன்களைப் புதுப்பித்துக் கணக்கில் உயிரோடு வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சேப்பாக்கம் ஞாபகம் வரும்.

1773ல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாபுக்குக் கொடுத்தது. லண்டனில் டைரக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. ராஜாவுக்கே திருப்பிக் கொடு என்று சொல்லி பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776ல் பிகட் தஞ்சாவூரை ராஜாவிடம் ஒப்படைத்தார். உடனே பென்ஃபீல்ட் வந்து நின்றார்: தஞ்சாவூர் வருமானத்தின் மேலும், வயலில் நிற்கும் பயிரின் மேலும் எனக்குப் பாத்தியதை இருக்கிறது, நவாப் எழுதிக் கொடுத்திருக்கிறார், தொகை இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பவுண்டு சுமார். சில நூறு பவுண்டு சம்பளக்காரர். பிகட் ஏற்கவில்லை. கவுன்சிலில் பெரும்பான்மை, கடன் கொடுத்தவர்களின் பக்கம். அந்த ஆகஸ்டில் கவர்னரையே கைது செய்து அடைத்துவிட்டார்கள். அடுத்த மே மாதம் அவர் காவலிலேயே செத்துப்போனார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் உட்ஹால் பார்க் கட்டிய ரம்போல்ட்.

வயலில் நிற்கும் பயிர் என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு குவிமாடத்தின் கீழ், சுவரிலிருந்து மட்டும் பிடிமானம் பெற்று மேலேறும் கல் படிக்கட்டு இருக்கிறது. அழகான படிக்கட்டு, படத்தில் பார்த்தே சொல்கிறேன். அந்த வீட்டுக்குப் பென்ஃபீல்ட் கொடுத்த விலையில் இன்ன பவுண்டு இன்ன கிராமத்துக் குறுவை என்று யாராலும் காட்ட முடியாது. பணத்துக்கு மணம் கிடையாது. ஆனால் நவாபின் கடன் என்ற வாய்க்காலின் தலைப்பு அங்கே இருக்கிறது, மடை இங்கே இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

பென்ஃபீல்ட் ரொம்ப நாள் அனுபவிக்கவில்லை. லண்டனில் பாய்ட் என்பவரோடு சேர்ந்து நடத்திய பாங்க் நூற்றாண்டின் முடிவில் விழுந்தது. 1801ல் உட்ஹால் விலைக்கு வந்தது. சாமுவேல் ஸ்மித் என்ற பாங்க்கர் வாங்கினார். அதே 1801ல்தான் கம்பெனி கர்நாடகத்தை நவாபிடமிருந்து முழுசாக எடுத்துக்கொண்டது. பென்ஃபீல்ட் 1810ல் பாரிஸில் ஏழையாக இறந்தார். இதைப் படித்ததும் நம் ஆட்களுக்கு ஒரு திருப்தி வரும், கர்மபலன் என்று. எனக்கு அந்தத் திருப்தி இல்லை. அவர் ஏழையாகச் செத்ததால் தஞ்சாவூரில் யாருக்கும் ஒரு மரக்கால் நெல் திரும்பி வரவில்லை.

*

ஸ்மித்துக்கு என்ன சொல்வது? அவர் யாரையும் கொள்ளையடிக்கவில்லை. விலைக்கு வந்த வீட்டை விலை கொடுத்து வாங்கினார். இங்கிலீஷ் சட்டத்தில் ஒரு பாத்திரம் உண்டு. நம் சட்டத்துக்கும் அங்கிருந்துதான் வந்தது. விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, முன்னறிவு இல்லாமல் வாங்கியவன். பழைய பாத்தியதை என்ன இருந்தாலும் அது இவனிடம் வந்ததும் நின்றுவிடும். சட்டம் கண்ட மிக விநோதமான பாவநாசம் இது என்று நினைக்கிறேன். கங்கையில் முங்க வேண்டாம். பணம் கொடுத்தால் போதும், தெரியாமலிருந்தால் போதும்.

ஸ்மித்துக்குத் தெரியாதா? 1785 பிப்ரவரி 28ம் தேதி பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார். பென்ஃபீல்டைப் பெயர் சொல்லித் தாக்கினார். முந்தைய பார்லிமெண்டிலேயே பென்ஃபீல்டுக்கு, அவரையும் சேர்த்து, எட்டு ஆட்கள் இருந்தார்கள் என்றார். பேச்சு அச்சாகி விற்றது. கடன்களின் யோக்யதையை விசாரிக்காமல், கர்நாடக வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 4,80,000 பவுண்டு ஒதுக்கி அடைத்துவிடலாம் என்று பிட் மந்திரிசபை முடிவு செய்திருந்தது. அதை எதிர்த்துத்தான் பேச்சு. இந்த முடிவில் முக்கியமான கை ஹென்றி டண்டாஸ். மூன்று வருஷம் முன்னால் ரம்போல்டைத் தண்டிக்க மசோதா கொண்டுவந்தவரும் அவரே. பர்க் தோற்றார். தோற்றது சரியா என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு கிடைத்தது. கர்நாடகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, நவாப் பேரில் மேற்கொண்டு வந்த கடன் கோரிக்கைகளை ஒரு கமிஷன் பல வருஷம் உட்கார்ந்து ஆராய்ந்தது. மூன்று கோடி பவுண்டு அளவுக்குக் கேட்டார்கள். செல்லுபடியானது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1785ல் விசாரணை இல்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டவை இந்தச் சல்லடைக்குள் வரவே இல்லை.

கல்லூரியில் எங்களுக்கு பர்க் உண்டு, நடைக்காக. வாக்கியங்கள் எப்படி அலைபோல எழுந்து விழுகின்றன என்று அடிக்கோடிட்டோம். அவர் பேச்சில் வரும் நிலம் பஸ்ஸில் போனால் நாலு மணி நேரத்தில் வந்துவிடும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஆனால் பர்க்கைத் தூக்கிப் பிடித்துக் கட்டுரையை முடித்துவிட முடியாது. பர்க்கும் ஒரு வீட்டுக்காரர். பீக்கன்ஸ்ஃபீல்டில் கிரகரீஸ் என்ற எஸ்டேட்டை 1768ல் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார். பெரும்பகுதி கடன். அந்தக் குடும்பத்துக்குப் பொதுப்பை. அதில் பங்குள்ள உறவினர் வில்லியம் பர்க் கம்பெனிப் பங்குகளில் சூதாடி, 1769ல் விலை சரிந்தபோது எல்லாம் போயிற்று. பிற்பாடு அந்த வில்லியம் சென்னைக்கு வந்து தஞ்சாவூர் ராஜாவின் ஏஜண்டாக இருந்தார். அதாவது நவாபின் கடன்காரர்களுக்கு எதிர்க்கட்சியிலிருந்து பர்க் வீட்டுக்கும் ஒரு வருமானத்தின் நூலிழை ஓடியது. இது போதாதென்று, பர்க்கின் புரவலர் ராக்கிங்ஹாம் பிரபு 1782ல் இறந்தபோது, பர்க் எழுதிக் கொடுத்திருந்த கடன் பத்திரங்களை ரத்து செய்யும்படி உயிலில் எழுதிவைத்தார். கடன் தள்ளுபடி என்றால் என்ன என்று அறிந்த ஒருவர்தான் கடன்களைப் பற்றி அந்த மகத்தான பேச்சைப் பேசினார். அந்த ராக்கிங்ஹாம் பிரபுவின் வெண்ட்வர்த் உட்ஹவுஸும், அறுநூறு அடிக்கு மேல் நீண்ட முகப்போடு, இந்த நூற்றாண்டில் விலைக்கு வந்தது. 2017ல் ஒரு பாதுகாப்பு டிரஸ்ட் எழுபது லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

கிரகரீஸ் என்னவாயிற்று? பர்க்கின் விதவை 1812ல் பக்கத்து எஸ்டேட்காரர் ஜேம்ஸ் டுப்ரேக்கு விற்றார். அவர் அப்பா ஜோஸியாஸ் டுப்ரே, 1770 முதல் 1773 வரை சென்னைக் கவர்னர். சென்னைப் பணத்தைச் சபித்தவரின் வீட்டைக் கடைசியில் சென்னைப் பணம் வாங்கியது. மறுவருஷம் வீடு தீப்பிடித்து எரிந்தது. நாவலில் இப்படி எழுதினால் நாமே அதைச் செயற்கை என்று கிழித்திருப்போம்.

பர்க்கின் கை சுத்தமில்லை என்பதால் பர்க் சொன்னது தப்பாகிவிடுமா? நம் விமர்சன உலகில் இதுதான் வழக்கமான குஸ்தி. நீ யார் சொல்ல, உன் சம்பளம் எங்கிருந்து வருகிறது, உன் பத்திரிகைக்கு யார் விளம்பரம் கொடுக்கிறார்கள். எங்கள் பாங்க் வக்கீல் ஒருவர் தலைக்கு மேல் கடன் வைத்திருந்தார். அவர் எழுதிய அபிப்பிராயங்கள் ஒன்றுகூடத் தவறியதில்லை. பத்திரத்தில் ஓட்டை இருந்தால் இருக்கிறது. காட்டினவனின் சட்டையில் ஓட்டை இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதையும் தனியாகப் பார்க்கலாம்.

*

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். சரித்திரம் அங்கே ஏன் விலையை ஏற்றுகிறது?

இங்கிலாந்தில் 1925ல் ஒரு நிலப்பதிவுச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் பதிவு கட்டாயமானது 1990ல். அந்த முறையில் ஒருவன் பெயர் பதிவேட்டில் உரிமையாளன் என்று ஏறிவிட்டால் அதற்கு அரசாங்கமே ஜவாப்தாரி. அதற்குப் பின்னால் உள்ள பத்திரங்களைத் தோண்ட வேண்டாம். திரை விழுந்துவிட்டது. நம்முடைய 1908 பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறது, உரிமையை இல்லை. விற்றவனுக்கு விற்கும் யோக்யதை இருந்ததா என்று ஒவ்வொரு தடவையும் நாமே பின்னோக்கி நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் கடந்தகாலம் இன்னும் செத்துப்போகவில்லை. அந்த அத்தை எந்த நிமிஷமும் கோர்ட்டுக்குப் போகலாம்.

எனவே இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் பிரக்ஞையில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. கேட்கும் சக்தி போய்விட்ட கடந்தகாலம்தான் அலங்காரமாகிறது. அதன் பல் பிடுங்கப்பட்டுவிட்டது. இனி அதை வரவேற்பறையில் வைக்கலாம். பிரசுரத்தில் அந்த ஒரு பத்தியை அச்சிட முடிவது, அந்தப் பத்தியில் வரும் யாரும் எழுந்து வந்து பங்கு கேட்க மாட்டார்கள் என்பதால்தான்.

உட்ஹாலில் ஒரு அறை இருக்கிறது. சுவர் முழுக்கத் தாமிரத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றைச் சுற்றியும் காகிதத்திலேயே வெட்டிய சட்டம், ரிப்பன், முடிச்சு, எல்லாம் பசை போட்டுச் சுவரிலேயே ஒட்டியது. ரம்போல்ட் காலத்து வேலை. அந்நாளில் இது ஒரு பாணி; இவ்வளவு முழுமையாக மிஞ்சியது அபூர்வம் என்கிறார்கள். 1930களிலிருந்து அந்த வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. அந்த அறையின் அழகைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அழகான பொருளுக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் விமர்சனம் எனக்கு அலுத்துவிட்டது. தஞ்சைக் கோயில் விமானத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார், சொல்லிவிட்டுப் பிரகாரத்தில் ஒரு சுற்றும் சுற்றுவார். அழகு தன் பிறப்பைக் கழுவிவிடுகிறது என்று சொல்கிறவரும், பிறப்பு அழகைக் கறைப்படுத்திவிடுகிறது என்று சொல்கிறவரும் கறை என்பது கல்லில் இருக்கிறது என்றே நம்புகிறார்கள். கல்லில் எதுவும் இல்லை. வில்லங்கம் என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. ஒருவர் கேட்டிருக்கிறார், இன்னொருவர் பதில் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், 1776ல் தஞ்சாவூரில் கேட்டிருக்க வேண்டியவனுக்குப் பெயரே இல்லை. கடன் கொடுத்தவர்கள் பெயர் கிடைக்கிறது. நவாபின் பெயர், ராஜாவின் பெயர், லண்டன் ஏஜண்டுகளின் பெயர், மாளிகையின் கட்டடக் கலைஞர் பெயர், எல்லாம் கிடைக்கிறது. வட்டிக்கு நெல் விளைத்தவன் நான் படித்த எதிலும் ஒரு கைநாட்டாகக்கூட இல்லை. கோருபவன் இல்லாத கோரிக்கை கோரிக்கையா? சட்டத்தில் இல்லை. தர்க்கத்திலும் இல்லையோ என்று சில நாள் தோன்றும்.

*

1977ல் நடந்த ஒரு விற்பனையை இங்கே நினைத்துக்கொள்வது உபயோகமாக இருக்கும். மெண்ட்மோர் டவர்ஸ். ஜோசப் பாக்ஸ்டன் வரைபடத்தில், 1850களில் ராத்ஸ்சைல்ட் குடும்பத்துக்காகக் கட்டியது; பிறகு ரோஸ்பெரி பிரபு குடும்பத்துக்கு வந்தது. 1974ல் ஆறாவது பிரபு இறந்ததும் வாரிசு வரிக்கு ஈடாக வீட்டையும் உள்ளேயிருக்கும் சாமான்களையும் இருபது லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொள் என்று அரசாங்கத்திடம் சொன்னார்கள். அரசாங்கம் தயங்கித் தயங்கி மாட்டேன் என்றது. சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அறுபது லட்சத்துக்கு மேல் போயிற்று. அதில் வேறு யாரோ வரைந்தது என்று நினைத்து எட்டாயிரம் பவுண்டுக்கு விட்ட ஒரு படம் ஃப்ராகொனாரின் ஓவியம் என்று தெரியவந்து, மறுவருஷம் தேசிய ஓவியக்கூடம் அதை ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கியது. மதிப்பு என்பது எவ்வளவு உறுதியான வஸ்து பாருங்கள். நம் பாரம்பரியம் போகிறதே என்று பெரிய கூக்குரல். அதன் விளைவாக 1980ல் ஒரு தேசிய நிதியே ஏற்பட்டது.

காலியான வீட்டை 1978ல் 2,40,000 பவுண்டுக்கு வாங்கியது மகரிஷி மகேஷ் யோகியின் அமைப்பு. இதைச் சொன்னால் ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும், பழிக்குப் பழி என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தியானம் விற்ற பணம் மெண்ட்மோரை வாங்கியதால் ஆர்க்காட்டுக் கணக்கில் எதுவும் வரவு வைக்கப்படவில்லை.

ஆனால் அந்தக் கூக்குரலில் 'நம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். விற்கிற வரைக்கும் அது பிரபுவின் வீடு. சுவருக்கு உள்ளே ஊர்க்காரன் நுழைய முடியாது. விலைக்கு வந்த நாளிலிருந்து அது தேசத்தின் வீடு. சரி, 'நம்' என்று சொல்லிவிட்டால் வில்லங்கமும் நம்முடையதாகிவிடுமே. 2020 செப்டம்பரில் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் இருக்கும் 93 இடங்களுக்குக் காலனி ஆதிக்கத்தோடோ அடிமை வியாபாரத்தோடோ உள்ள தொடர்பைச் சொல்லும் அறிக்கை. அதில் பேஸில்டன் பார்க் இருக்கிறது. கட்டியவர் ஃப்ரான்சிஸ் சைக்ஸ், வங்காளத்தில் சம்பாதித்தவர். அறிக்கை வந்ததும் பத்திரிகைகளிலும் பார்லிமெண்டிலும் கோபம். அது ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கச் சொல்லவில்லை. யாருக்கும் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. இன்னின்ன வீட்டுக்குப் பணம் இன்னின்ன வழியில் வந்தது என்று மட்டும் சொன்னது. அதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது புரிகிறது என்று நினைக்கிறேன். அது நோட்டீஸ். முன்னறிவு இல்லாமல் வாங்கியவன் என்ற அந்த சௌகரியமான ஆசனத்திலிருந்து எல்லோரையும் எழுப்பிவிட்டது. தெரியாதிருந்தேன் என்பது ஒருதரம்தான் சொல்லக்கூடிய வாக்கியம். சொல்லப்பட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அறிக்கை சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. கேட்பவன் பெயரில்லாமல் போய்விட்டான், கொடுக்க வேண்டியவன் யார் என்பதும் கலைந்துவிட்டது. தெரிந்துகொண்ட நிலை மட்டும் பாக்கி. அந்த நிலையில் ஒரு வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்பதற்கு தத்துவத்தில் பதில் இருக்கிறதா என்று தேடினேன். மன்னிப்பைப் பற்றி இருக்கிறது, தண்டனையைப் பற்றி நிறைய இருக்கிறது. வாடகை கொடுத்தோ கொடுக்காமலோ குடியிருப்பதைப் பற்றி எனக்குக் கிடைக்கவில்லை.

சேப்பாக்கம் அரண்மனையின் கதை இதை விடச் சுருக்கம். 1855ல் கடைசி நவாப் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அரசாங்க ஆபீசாக இருந்து, 2012ல் ஒரு பகுதி தீயில் போய், பிறகு புதுப்பித்தார்கள். கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் அதன் பக்கமாகத்தான் போகிறார்கள்.

*

நோட்டீஸ் என்ற சொல்லை நான் லேசாக எழுதவில்லை. சர்ஃபேசி சட்டத்தில், கடன் கட்டாதவர் வீட்டை பாங்க் கையகப்படுத்தும்போது அறிவிப்பை வீட்டில் ஒட்ட வேண்டும், இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும். அதிகாரியோடு குமாஸ்தாவும் போவான். பசை டப்பா குமாஸ்தா கையில்தான் இருக்கும். பின்னால் வரும் ஏல விளம்பரத்தில் ஒரு வாசகம் உண்டு: உள்ளது உள்ளபடி, இருப்பது இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில். வீட்டோடு என்னென்ன வருகிறது என்பதற்கு பாங்க் பொறுப்பில்லை என்று இதற்கு அர்த்தம். போன வருஷம் ஒரு வீட்டில் சுண்ணாம்புச் சுவரில் காகிதம் நிற்கவில்லை, உரிந்து உரிந்து விழுந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், வீட்டுக்காரரின் அப்பா, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சுவத்துல ஒட்டாது தம்பி. கதவுல ஒட்டுங்க" என்றார். கதவில் ஒட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

நான் இருக்கிற வீடு என் கொள்ளுத்தாத்தா 1936ல் கிரயம் வாங்கினது. கும்பகோணம் பக்கம். அவர் கொடுக்கல் வாங்கல் செய்தவர். நெல் விலை விழுந்து கிடந்த வருஷங்கள். விற்றவர் அவரிடம் கடன் பட்டவர். முன் கடனுக்கு நேர் செய்துகொண்டு பாக்கி ரொக்கம் இவ்வளவு என்று பத்திரத்தில் ஒரு தொகை, ரொம்பச் சிறிய தொகை. 1938ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. வட்டியைக் குறைத்தார்கள், பழைய வட்டி பாக்கியைத் தள்ளினார்கள். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் அந்த மனிதருக்கு வீடு மிஞ்சியிருக்கக்கூடும். வீட்டில் எப்போதாவது இந்தப் பேச்சு வந்தால், தாத்தா சாமர்த்தியசாலி, காலத்தில் முடித்தார் என்பார்கள். நானும் பல வருஷம் அதை அந்த அர்த்தத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். விற்றவரின் பெயர் பத்திரத்தில் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. தஞ்சாவூர் உழவனைப் போல அவர் பெயரில்லாதவர் இல்லை. அவர் வம்சத்தில் யாராவது இதே ஊரில் இருக்கக்கூடும். எங்கள் கிளையிலேயே கணக்கு வைத்திருக்கவும் கூடும்.

அந்தக் கிரயத்துக்கு முன்னால் என்னென்ன ஈடு எழுதினார், எந்த வட்டிக்கு எழுதினார் என்று பார்க்க வேண்டுமானால் 1936க்கு முந்தைய பழைய வால்யூம்களைச் சார்பதிவாளர் ஆபீசில் மனுக் கொடுத்துத் தேடவைக்க வேண்டும். படிவத்தை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று அப்பா கேட்டார். சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாங்க்கே கேட்பதில்லையே, உனக்கு எதற்கு என்றார்.